விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸ் மின்டுக்கு: முதல் ஒரு மாதத்தைத் தாண்டுவது எப்படி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதற்கு மேல் விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் புராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் கேட்கிறது. 2014-இல் வாங்கிய லேப்டாப், எட்டு ஜிபி ரேம், கீபோர்டு இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது, ஆனாலும் அதற்குத் தகுதி இல்லை. அப்படி ஒரு மெஷினைத் தூக்கிப்போட மனசு வராமல்தான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸுக்கு நானும் மாறினேன், என்னிடம் கேட்டு வருகிறவர்களும் மாறுகிறார்கள்.

லினக்ஸைப் போடுவது அரைமணி நேர வேலை. கஷ்டமெல்லாம் மறுநாள் காலையில் தொடங்கும். அவசரமாக ஒரு மனு அடிக்க உட்கார்ந்தால் தமிழ் வராது, பிரின்டர் அசையாது, பழைய எக்செல் ஃபைலில் ஒரு கட்டத்தில் பிழை என்று காட்டும், கை பழகிய இடத்தில் எதுவும் இருக்காது. அந்தக் காலையில்தான் பலர் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். இத்தனையும் ஒரே நாளில் தலையில் விழுவதால் வரும் அலுப்பு அது. வரிசையை மாற்றிக்கொண்டால் பாதிக்கு மேல் குறையும்: முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள், அவை கைக்குப் பழகிய பிறகு சிஸ்டத்தை மாற்றுங்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு, நான் இங்கே லினக்ஸ் மின்டை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு அதன் சினமன் திரை அதிகம் அந்நியமாக இருக்காது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் வரும். நான்கு ஜிபி ரேம்தான் இருக்கிறது என்றால் சினமனுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரையுள்ள பதிப்பை எடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எந்த சிஸ்டம் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும், முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றிவிட்டு மற்ற பேச்சைப் பேசலாம்.

யார் அவசரப்படக் கூடாது

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் முழுதாக மாற வேண்டாம். ஒயின் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட முடியும்தான், ஆனால் வியாபாரக் கணக்கை அதை நம்பி வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதேபோல டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கம்பெனிகள். தனி உரிமையாளர் என்றால் ஓடிபி மூலமே தாக்கல் செய்துவிடலாம், அது பிரவுசர் வேலைதான், லினக்ஸில் பிரச்சினை இல்லை. ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், கோரல்டிரா இவற்றில் சோறு சாப்பிடுகிற டிடிபிக்காரர்களும் விண்டோஸை வைத்துக்கொள்ள வேண்டும். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் எல்லாம் நல்ல மென்பொருள்கள், ஆனால் கல்யாண சீசனில் பத்திரிகை ஆர்டரை வைத்துக்கொண்டு அவற்றைக் கற்க முடியாது.

இவர்கள் எல்லாருக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிற வழி உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்த மாதம் முழுக்க விண்டோஸிலேயே இருங்கள். ஆனால் அதில் லிப்ரெஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி, மெயிலுக்குத் தண்டர்பேர்டு போட்டுக்கொண்டு அன்றாட வேலையை அவற்றில் செய்யுங்கள். எல்லாமே இலவசம், எல்லாமே விண்டோஸிலும் ஓடும், நாளைக்கு லினக்ஸிலும் இதே முகத்தோடு இருக்கும். ஏதாவது முடியாமல் போனால் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது, அன்றைய வேலை நிற்காது.

லிப்ரெஆபீஸில் முதல் நாளே மூன்று வேலை செய்துவிடுங்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று இருக்கும், அதில் டேப்டு என்பதைத் தேர்ந்தால் வேர்டு மாதிரி மேல் பட்டை வரும். அடுத்து டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் லோட்/சேவ் பகுதியில் எப்போதும் வேர்டு, எக்செல் வடிவத்திலேயே சேமிக்கும்படி மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது தன் சொந்த வடிவத்தில் சேமிக்கும், நீங்கள் அனுப்பிய ஃபைலை மொபைலில் திறக்கத் தெரியாமல் எதிர்ப்பக்கத்துக்காரர் உங்களுக்குப் போன் போடுவார். மூன்றாவது தமிழ் எழுதுகிறவர்களுக்கு. அதே ஆப்ஷன்ஸில் லாங்குவேஜ் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்து மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்தால்தான் தமிழுக்கென்று எழுத்துருவையும் அளவையும் தனியாக வைக்க முடியும்.

எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஃபைலையும் இப்போதே திறந்து பார்த்துவிட வேண்டும், நிறைய மேக்ரோக்கள் அப்படியே ஓடாது. எக்ஸ்லுக்அப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அது லிப்ரெஆபீஸ் 24.8-இல்தான் வந்தது, மின்ட் 22-உடன் வருவது 24.2. அந்தக் கட்டங்களில் பிழை காட்டினால் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் என்று போட்டிருக்கும் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் இன்னொன்றையும் செய்யுங்கள். எந்த வேலைக்கு வேறு வழியே இல்லாமல் பழைய மென்பொருளைத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளில் ஒன்றுமே இல்லையென்றால் முழுதாக மாறலாம். இரண்டு மூன்று இருந்தால் இரண்டு சிஸ்டம். பத்து இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

போடாமலே ஓட்டிப் பாருங்கள்

மின்டின் தளத்திலிருந்து முழு சிஸ்டமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு நிரலால் எட்டு ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது, எழுதத்தான் வேண்டும். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, லெனோவோ, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப், இந்த விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து பூட் செய்ய என்று கேட்கும். பென் டிரைவ் சில நேரம் இரண்டு முறை காட்டும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். உங்கள் விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் இது தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் பென் டிரைவிலிருந்து ஓடும். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது பென் டிரைவின் வேகம். இந்த நேரத்தைத் திரையின் அழகைப் பார்ப்பதில் செலவழிக்காமல் நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்: வைஃபை, சத்தம், மூடி வைத்துத் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்பது, பிரின்டர்.

வைஃபை வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சில சிப்களுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும், அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று சுற்றும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் உடனே நெட் வரும். அதை வைத்து டிரைவர் மேனேஜரில் தேவையானதைப் போட்டுக்கொள்ளலாம்.

பிரின்டர் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வைஃபையோடு வரும் புதிய பிரின்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி பழையவை ஒரு கூடுதல் பிளகினை நெட்டிலிருந்து இறக்கிய பிறகு ஓடும். நம் ஊர் கடைகளில் நிறைய இருக்கிற கேனன் எல்பிபி 2900 அப்படியல்ல. அதற்கான டிரைவர் தனி வகை, லினக்ஸில் அதை ஓட வைப்பது புதியவருக்கு ஒரு நாள் முழுக்க இழுக்கும், ஓடினாலும் நடுவில் நின்றுபோகும். அந்தப் பிரின்டர்தான் உங்கள் பிழைப்பு என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள்.

டி டிரைவ்: இதை இரண்டு முறை படியுங்கள்

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் பழுதானால் மெக்கானிக் சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸ் போடுவார், டி டிரைவைத் தொட மாட்டார். அதனால் போட்டோ, மார்க் ஷீட், பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் டி-யில் போட்டு வைத்து, அது பத்திரம் என்று வருஷக்கணக்காக நம்பி வருகிறோம்.

நான் லினக்ஸ் பழகிய புதிதில் என் சித்தப்பா கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுக்க உட்கார்ந்தேன். "சித்தப்பா, முக்கியமான ஃபைல் எதுவும் இருக்கா?" என்று கேட்டேன். "எல்லாம் டி-ல பத்திரமா இருக்குப்பா, நீ போடு" என்றார். நானும் சரி என்று, டிஸ்க்கை அழித்து நிறுவு என்ற முதல் தேர்வை அமுக்கினேன். சி, டி என்பவை ஒரே வட்டில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள், அந்தத் தேர்வு வட்டையே அழிக்கும். மீட்கும் மென்பொருளை மூன்று நாள் ஓட்டி, பெயரில்லாத படங்களாகக் கொஞ்சம் எடுத்தோம். கிரகப்பிரவேச வீடியோ வரவில்லை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே நிறுவும் முன் டி உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடப்பவை, டவுன்லோட்ஸ் அடைசல், இவற்றை எல்லாரும் மறப்பார்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பிற்பாடு விண்டோஸ் அதைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால் உள்ளே போக வழியில்லை.

போடுகிற நாள்

இரண்டு சிஸ்டமும் வேண்டும் என்றால் முதலில் விண்டோஸுக்குள் இரண்டு வேலை. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது ஆன் ஆக இருந்தால் நீங்கள் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும், அதனால் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகும். அடுத்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு பகுதியைச் சுருக்கி 60 முதல் 100 ஜிபி வரை காலி இடம் விடுங்கள்.

அப்புறம் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, திரையில் இருக்கும் இன்ஸ்டால் படத்தைத் திறந்தால் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். மல்டிமீடியா கோடெக் போடவா என்று கேட்டால் டிக் செய்யுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. எங்கே நிறுவ என்று கேட்கும் பக்கத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தேர்வு இருக்கும், அதுதான் வேண்டும். அந்தப் பக்கத்தில் மட்டும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி வாசித்துவிட்டு அமுக்குங்கள். மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் முதல் மாதம் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டால் பிரச்சினை வரும்போது அந்தப் பிழைச் செய்தியை அப்படியே தேட முடியும்.

முடிந்ததும் அன்று மாலையே டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் சிஸ்டத்தை இந்த நிலைக்குத் திருப்பலாம். அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும், உங்கள் போட்டோக்களை அல்ல. அப்டேட் மேனேஜரில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். இறங்குவது மெதுவாக இருந்தால் சாஃப்ட்வேர் சோர்சஸில் மிரர் என்பதை, அதாவது அப்டேட் இறங்கும் சர்வரை, நமக்கு அருகில் இருக்கும் ஒன்றாக மாற்றினால் வேகம் பிடிக்கும்.

தமிழ் அடிப்பது

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தவிக்கிறார்கள், வழிகாட்டிகளும் இதைத்தான் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று ஏதாவது ஒன்றில் கை பழகியிருக்கும். மின்டில் அந்த வேலையைச் செய்வது ஐபஸ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் தேடிப் போடுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, கட்டாயமாக ஒரு முறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் லாக்அவுட் செய்யாமல் "வரவே இல்லை" என்கிறார்கள். அப்புறம் ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று வரிசையாக வரும். இலங்கையில் ரெங்கநாதன் அமைப்பில் பழகியவர்களுக்கு அதுவும் இருக்கிறது. மொழி மாற்ற விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அமுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வேறு விசை வைத்துக்கொள்ளலாம். பதிப்புக்குப் பதிப்பு இந்த மெனுக்களின் இடம் சற்று நகரும், பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்கும்.

கீபோர்டு அமைப்புப் பக்கத்திலேயே தமிழ் லேஅவுட்கள் இருக்குமே, எதற்கு ஐபஸ் என்று தோன்றும். அந்த லேஅவுட்களில் ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்குதான், முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அவை பார்ப்பதில்லை. தமிழ்99-இன் சுகமே அந்தப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. இரண்டு ம அடுத்தடுத்து வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும், ஆ-வை அடித்ததும் இரண்டாவது ம மா ஆகிவிடும். இந்த வேலை ஐபஸ் வழியாகத்தான் ஒழுங்காக நடக்கும்.

ஃபொனெடிக் அடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ந, ன, ண மூன்றுக்கும் எந்த விசை என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். பழைய ஞாபகத்தில் அடித்துக்கொண்டே போனால் பக்கம் முழுக்கப் பிழையாக இருக்கும். முதல் நாள் இந்த மூன்றையும், ல, ள, ழ, ர, ற இவற்றையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். எப்படியும் கையைப் புதிதாகப் பழக்கத்தான் போகிறோம் என்றால் இந்தச் சந்தர்ப்பத்தில் தமிழ்99-க்கே போய்விடலாம் என்பது என் கருத்து. தமிழக அரசு 1999-இல் அறிவித்த பொது விசைப்பலகை அது, போனில், விண்டோஸில், லினக்ஸில் எங்கும் கிடைக்கும், இனி எந்த சிஸ்டத்துக்கு மாறினாலும் கை மாறாது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பித் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த ஃபாண்ட் இங்கே இல்லை, அவ்வளவுதான். ஃபாண்ட் கோப்பைக் கொண்டுவந்து திறந்து நிறுவினால் பழையபடி தெரியும். ஆனால் புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள், பழையவற்றையும் நேரம் கிடைக்கும்போது மாற்றி வையுங்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டாயிற்று.

லதா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வரும் எழுத்துருக்கள், இங்கே இருக்காது. லதாவில் அடித்த இரண்டு பக்க மனு நோட்டோ சான்ஸ் தமிழில் மூன்றாம் பக்கத்துக்கு வழியலாம். ஆகவே வெளியே கொடுக்கும் எதையும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

கை பழக வேண்டிய சின்ன விஷயங்கள்

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு மின்ட் போட்டுக்கொடுத்து மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, காப்பி ஆயிடுச்சுன்னு காட்டுச்சு, பென் டிரைவ உருவிக் குடுத்தேன், ஃபைல் திறக்கலன்னு அந்தப் பையன் திரும்பி வந்து நிக்கிறான்." போய்ப் பார்த்தேன். லினக்ஸ் காப்பி செய்யும்போது முதலில் எல்லாவற்றையும் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்தது என்று சொல்லிவிடும், பென் டிரைவுக்குள் எழுதுவது பின்னால் நடந்துகொண்டிருக்கும். ஃபைல் மேனேஜரில் பென் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கிறது. அதை அமுக்கி, இனி எடுக்கலாம் என்று சொன்ன பிறகே உருவ வேண்டும். அக்கா அன்றைக்கே மானிட்டரின் ஓரத்தில் "அம்பு" என்று எழுதி ஒட்டிவிட்டார்.

பென் டிரைவில் ஃபைலை டெலீட் செய்தால் இடம் திரும்பக் கிடைக்காது. அது பென் டிரைவுக்குள்ளேயே ஒரு மறைவான குப்பைத் தொட்டிக்குப் போகும். டிராஷைக் காலி செய்தால்தான் இடம் வரும்.

சி, டி என்று எழுத்துகள் இங்கே இல்லை. உங்களுக்கு ஒரு ஹோம் ஃபோல்டர், அதில் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். விண்டோஸ் பகுதி இருந்தால் இடது பக்கத்தில் தனி டிஸ்க்காகத் தெரியும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, ஒரே பெயரில் எழுத்தளவு மட்டும் மாறி இரண்டு ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பில் ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போது எல்லாமே சின்ன எழுத்து என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மவுஸின் நடுச்சக்கரத்தை அமுக்கினால், கடைசியாகத் தேர்ந்து வைத்த வரி அங்கே ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் அமுங்கி ஒரு கடிதத்தின் நடுவில் வேறு வரி புகுந்துவிடும். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும், பழகினால் வசதியும்கூட.

மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி எக்ஸி ஃபைல் இறக்கும் பழக்கத்தை விடுங்கள், அது இங்கே ஓடாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். ஒரு சின்ன நிரலுக்குக்கூட ஃபிளாட்பேக் பதிப்பு நிறைய எம்பி கேட்டால் அதிர வேண்டாம், முதல் முறை அடிப்படைத் தொகுப்பையும் சேர்த்து இறக்குகிறது, அடுத்தவை சின்னதாக இருக்கும். வாட்ஸ்அப்புக்குத் தனி நிரல் கிடையாது. வெப் ஆப்ஸ் என்ற மின்டின் கருவியில் வாட்ஸ்அப் வெப்பைக் கொடுத்தால் மெனுவில் தனி நிரல் மாதிரி வந்து உட்காரும்.

இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களைக் குழப்பும் இன்னொன்று கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பேட்டரி போய்விட்டது என்று சொல்லி யாராவது மதர்போர்டைக் கழற்றுமுன் காரணத்தைக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையே இருப்பது அந்த ஐந்தரை மணி. விண்டோஸில் தேதி, நேரம் அமைப்பில் சிங்க் நவ் அமுக்கினால் சரியாகிவிடும். டேலியில் பில் போடுகிறவர்கள் முதல் பில்லுக்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸையே உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் ஒரு கட்டளையும் உண்டு, அதை ஒரு முறை கொடுத்துவிட்டால் தினசரித் தொல்லை தீரும்.

மாட்டிக்கொண்டால்

உதவி கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மின்ட் எந்தப் பதிப்பு, லேப்டாப் எந்த மாடல், கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன, இந்த நான்கும் இருந்தால் பதில் சொல்கிறவருக்கு வேலை பாதி முடிந்தது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற கருவியில் மெஷின் விவரம் முழுவதையும் காப்பி எடுக்க முடியும். தமிழில் படிக்க வேண்டுமென்றால் கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றி நிறையக் கட்டுரைகள் உண்டு. டெர்மினல் என்ற கட்டளை அடிக்கும் ஜன்னலில் ஒட்டச் சொல்லி யாராவது ஒரு கட்டளை கொடுத்தால், அது என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஒட்டுங்கள். முக்கியமாக உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் கட்டளைகள்.

முதல் வாரம் கட்டாயம் எரிச்சல் வரும். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலையை விண்டோஸில் போய் முடித்துவிட்டு வாருங்கள், அது தோல்வி இல்லை. மாதக் கடைசி, பரீட்சை நேரம், வரி தாக்கல் வாரம், இந்த நாட்களில் எதையும் புதிதாக மாற்ற வேண்டாம்.

விண்டோஸை எப்போது எடுத்துவிடலாம் என்று கேட்பார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுவதை விட, அந்தத் தாளில் எழுதியிருந்த வேலைகள் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது லினக்ஸில் முடித்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரு தாக்கலாவது இதிலேயே செய்து முடித்திருக்க வேண்டும், ஒரு முறையாவது அவசரத்துக்குப் பிரின்ட் எடுத்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை அக்கா தன் பழைய லேசர் பிரின்டருக்காக விண்டோஸை இன்னும் வைத்திருக்கிறார், நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும். மற்றதெல்லாம் மின்டில் நடக்கிறது. அந்தப் பிரின்டர் போகிற அன்றைக்கு அதையும் எடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.